ஒன்றா, இரண்டா

ஜனவரி 12

வானம் தெளிவு. காற்று துளியும் இல்லை. ஏழரை மணிக்குத் தொலைநோக்கியைப் புறக்கடைக்கு எடுத்துவந்தேன். வியாழனின் நிலாக்கள் மேற்கே மூன்று, கிழக்கே ஒன்று. மிதுனத்தில் காஸ்டர் இன்று பளிச்சென்று இரண்டாகப் பிரிந்தது. வெறும் கண்ணுக்கு அது ஒன்றுதான். இரட்டை விண்மீன் பார்ப்பதில் உள்ள சுகமே இதுதான். ஊரெல்லாம் ஒன்று என்று நம்பிக்கொண்டிருக்க, நமக்கு மட்டும் இரண்டு என்று தெரியும்.

தொலைநோக்கிக்குள் இருப்பது ஆறு அங்குலக் கண்ணாடி. எட்டு மாதம் உட்கார்ந்து நானே தேய்த்தது. தாலுகா ஆபீசில் இருபத்தாறு வருடமாக நிலம் அளக்கிறவன் நான். அரை அங்குலம் பிசகினாலும் வயலில் இறங்கி மறுபடி அளப்பேன், திட்டுகிறவன் திட்டட்டும். இந்த உடுமலைப்பேட்டையில் இப்படி ஒரு கண்ணாடி வேறு யாரிடமும் கிடையாது. எழுதிவைப்பதில் என்ன வெட்கம்?

கலாமணிதான் இதை மதிப்பதே இல்லை. "உங்க பீரங்கியத் தூக்கிட்டு வந்தாச்சுங்களா?" என்று இன்றும் கேட்டாள். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். காலை முழுக்க மைக்ராஸ்கோப்பில் சளியையும் ரத்தத்தையும் பார்க்கிற வேலை. "நீங்க தூரத்துல இருக்கறதப் பாக்கறீங்க, நா பொடிசா இருக்கறதப் பாக்கறேன். நடுவுல இந்த வூட்டுல ஒட்டடை தொங்கறது ரெண்டு பேருத்து கண்ணுக்கும் தெரியறதில்ல" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒட்டடையைச் சொல்லிக்காட்டவும் நாங்கள் இருவர்தான்.

வெள்ளி இப்போது விடியலில் தெரிகிறது, சூரியனுக்கு வெகு பக்கத்தில். அடுத்த ஞாயிறு அதைப் பட்டப்பகலில் அவளுக்குக் காட்டப்போகிறேன். அப்புறம் பீரங்கி என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

ஜனவரி 19

இன்று எதுவும் பார்க்கவில்லை.

ஜனவரி 22

கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று இரவு திரும்பினோம். நடந்ததை ஒழுங்காக எழுதிவைத்துவிடுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் முன்னுக்குப்பின் முரணாகப் பேசக்கூடாது.

ஞாயிறு விடிவதற்கு முன்பே வெள்ளியைப் பிடித்துவிட்டேன். சூரியன் வந்த பிறகும் விடாமல் குழாயை நகர்த்திக்கொண்டே அதைப் பின்தொடர்ந்தேன். ஒன்பது மணிக்குக் கலாவைக் கூப்பிட்டேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து ஐபீஸில் கண்ணை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். குழாய் அசைந்தது. சூரியன் உள்ளே வந்துவிட்டது. ஒரு நொடிதான் இருக்கும். அலறினாள்.

அவள் கை பட்டிருக்க வேண்டும். தொடாதே, தொடாதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

வலது கண்ணின் விழித்திரையில் நட்டநடுவே வெந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல். படிப்பது, ஊசி கோப்பது, மைக்ராஸ்கோப் பார்ப்பது எல்லாம் வலது கண்ணால்தான். நடக்கலாம், சமைக்கலாம், ஆனால் எழுத்து தெரியாது, எதிரே நிற்கிறவர் முகம் தெரியாது என்றார். "ஆறு மாசம் பார்க்கலாம். சிலருக்குக் கொஞ்சம் திரும்பும். ஆறு மாசத்துல வராதது அப்புறம் வராது."

எப்படி ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கலாவே சொல்லிவிட்டாள்: "தொலைநோக்கில பாத்தனுங்க. சூரியன் வந்துருச்சு." நான் தலையாட்டினேன். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஜனவரி 26

கலாவின் அண்ணன் முருகசாமி பொள்ளாச்சியிலிருந்து வந்தார். ஒரு சாக்குத் தேங்காயை இறக்கிவைத்துவிட்டு, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் கலா, உனக்கு அறிவிருக்குதா? மாப்பிள்ளை தொடாதேன்னு சொன்னாங்களாமே. போன்ல சொன்னாங்க. அப்பறம் எதுக்கு அதைப் போயி ஆட்டுனே? சின்னப் புள்ளையா நீ?"

கலா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்க மச்சான். தெரியாம நடந்துபோச்சு. அவளைச் சொல்லி என்ன பண்றது" என்றேன்.

முருகசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களாட்டம் ஒரு மனுசன் கெடைக்கோணுமே" என்றார். கலா தலையை நிமிர்த்தினாள். நடுப்பார்வை போனதால் அவள் இப்போது எதையும் கொஞ்சம் சாய்வாகத்தான் பார்க்கிறாள். என்னைப் பார்த்தாளா, எனக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தாளா, தெரியவில்லை.

பிப்ரவரி 2

காலை: ரசம் வைத்தேன். புளி அதிகம். துவைத்து உலர்த்தினேன். கேஸ் புக் செய்தேன்.

அவள் மெடிக்கல் லீவில் இருக்கிறாள். பக்கத்து ஊர்ச் சுகாதார நிலையத்திலிருந்து ஓர் ஆள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து அவள் வேலையைப் பார்க்கிறாராம். "என்ற மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டு வெக்கறாங்களான்னு போன் பண்ணிக் கேளுங்க" என்றாள். கேட்டேன். போடுகிறார்களாம். சொன்னதும், "அவிய அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள்.

பிப்ரவரி 9

நிலா ஏறக்குறைய முழுசாக இருந்தது. இருபது நாளாக உறைபோட்டு மூடியிருந்த தொலைநோக்கியை இன்றுதான் தொட்டேன். கலாவை உட்காரவைத்தேன். மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். பேசாமல் வந்து உட்கார்ந்தாள். கண்ணை வைப்பதற்கு முன்னால் மட்டும், "சூரியன் போயிருச்சுங்கல்ல?" என்று கேட்டாள்.

மணி எட்டு.

"என்ன தெரியுது?"

"ஓரத்துல வெளிச்சமா வளையமாட்டத் தெரியுதுங்க. நடுவுல ஒண்ணுமில்ல. நா எங்க பாக்கறனோ அங்க அந்த ஓட்டையும் கூடவே வருது."

நான் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். பக்கெட் நிரம்பி வழிந்தும் கழுவிக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 15

சும்மா உட்கார்ந்து ஆறு மாதம் காத்திருக்க என்னால் முடியாது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு எழுத்து அட்டையைக் காட்டி, ஒரு தாளில் கிறுக்கி அனுப்புவார்கள். எனக்கு என்ன, தலைக்குமேல் நூறு இரட்டை விண்மீன்கள் இருக்கின்றன. அகலமான ஜோடியிலிருந்து ஆரம்பித்து நெருக்கமான ஜோடிக்குப் போக வேண்டும். இடது கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, வலது கண்ணை மட்டும் ஐபீஸில் வைக்க வேண்டும். கேள்வி ஒன்றே ஒன்று: ஒன்றா, இரண்டா? எந்த ஜோடியில் இரண்டு என்கிறாளோ அந்த அளவுக்குக் கண் திரும்பியிருக்கிறது. இதைவிடச் சுத்தமான அளவு எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

தனி நோட்டுப் போட்டேன். கோடு கிழித்து, தேதி, ஜோடி, பதில் என்று மூன்று கட்டம்.

பிப்ரவரி 17

ஒன்றுமில்லை என்றாள்.

பிப்ரவரி 18

ஒன்றுமில்லை.

பிப்ரவரி 21

மேகம். தோசை மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

மார்ச் 2

மங்கலாக ஏதோ தெரிகிறது, எத்தனை என்று சொல்ல முடியவில்லை என்றாள். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது? கேள்விக்குறி போட்டேன்.

மார்ச் 3

இன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. "நல்லாப் பாரு கலா, கண்ணை எடுக்காம நல்லாப் பாரு" என்று கத்திவிட்டேன். அவள் வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொண்டாள். முக்காலி சாய்ந்து விழுந்தது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 16

நான் கோயில் குளம் போகிறவன் இல்லை. இன்று மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். கண் கோளாறு தீர வெள்ளியில் கண்மலர் வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவி சொன்னாள் என்று ஒரு மாதமாகவே அது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. வானத்தை அளக்கிறவன் வெள்ளிக்கண் வாங்க வரிசையில் நிற்கிறான். யாராவது ஆபீஸ்காரன் பார்த்தால் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும். கெஞ்சவேண்டிய இடமெல்லாம் கெஞ்சியாக வேண்டும்.

கண்மலரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். கூட்டம் தள்ளியது. சுற்றிலும் யாருக்கும் யார் பேச்சும் கேட்காத இரைச்சல். மாரியாத்தாவிடமாவது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அவளிடமும் வாய் வரவில்லை. "கலாவுக்குக் கண் வரட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 27

ஒன்றுமில்லை. ராத்திரி சோறு வேண்டாம் என்றேன். எனக்கும் சேர்த்துப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தாள். "நீங்க எளைச்சுட்டே போறீங்க" என்றாள். பார்க்க முடியாதவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். சட்டை துவைக்கிறபோது தெரிந்ததாம். இரண்டு வாரமாக அவள்தான் துவைக்கிறாள். நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 4

இரண்டு!

இரண்டு என்றாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள். "ரெண்டு தெரியுதுங்க." நோட்டில் கோணல்மாணலாக எழுதிவிட்டேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஓடிப்போய் அரைக்கிலோ ஜிலேபி வாங்கி வந்தேன். அவள் ஒன்று எடுத்துக்கொண்டு, நான் சாப்பிடுவதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 11

இன்னும் நெருக்கமான ஜோடி. "ரெண்டுங்க. சின்னது எடது பக்கம்." என் பழைய படத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் படத்தைப் போன வருடம் வரைந்தபோது அவளுக்கு மூச்சுமுட்ட விளக்கியிருக்கிறேன். அப்போது காதில் வாங்காதவள் இப்போது தானே பார்த்துச் சொல்கிறாள்.

ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன். தாசில்தாரே, "சார், இதைப் பேப்பர்ல போடணும்" என்றார். முருகசாமிக்குப் போன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினேன். மருந்தில்லாமல், ஊசியில்லாமல், வானத்தை வைத்தே வைத்தியம் பார்த்திருக்கிறேன் என்றேன். "நீங்க சாதாரண ஆளில்லீங்க மாப்பிள்ளை" என்றார். கலா பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்ததும், "அண்ணங்கிட்ட வேறெதுவுஞ் சொல்லலீங்களா?" என்றாள்.

"வேறென்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லீங்க" என்று தோலை அள்ளிக்கொண்டு எழுந்துபோனாள்.

ஏப்ரல் 24

கோயமுத்தூர். எழுத்து அட்டையில் அவளால் மேல் வரிசைப் பெரிய எழுத்தைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஜனவரியில் இருந்ததேதான், மாற்றமில்லை என்றார் டாக்டர். நான் விடவில்லை. நோட்டை விரித்துக் காட்டினேன். அறையில் வெளிச்சம் போதாது, அட்டை பழுப்பேறியிருக்கிறது, உங்கள் அளவு சரியில்லை என்றேன். அவர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. நோட்டைப் புரட்டினார், கலாவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "ஜூலையில வாங்க" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள், பல்லடம் தாண்டியதும் கேட்டாள்:

"என்ற கண்ணு நல்லாயிட்டா உங்களுக்கு நிம்மதி வந்துருங்களா?"

"பின்னே?"

"நிம்மதியாயிட்டா என்ன பண்ணுவீங்க?"

நான் யோசித்தேன். "சனி இப்ப விடிகாலைல நல்லாத் தெரியும். திரும்ப அதைப் பாக்க ஆரம்பிப்பேன்" என்றேன்.

அவள் சிரித்தமாதிரி இருந்தது.

மே 18

சப்தரிஷி மண்டலம் வடக்கே நன்றாக ஏறியிருக்கிறது. வசிட்டரைக் காட்டினேன். எங்கள் கல்யாணத்தில் முகூர்த்தம் பகல் பத்தரைக்கு. மண்டபத்து வாசலில் நிறுத்தி, கொளுத்துகிற வெயிலில் ஐயர் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியுதாம்மா?" என்றார். "தெரியுதுங்க சாமி" என்றாள் இவள், மின்னல் வேகத்தில். அன்றைக்கு அவளைக் கிண்டலடித்தது போல நான் யாரையும் கிண்டலடித்ததில்லை.

இன்று தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரிந்து தெரிவார். "ரெண்டுங்க" என்றாள் கலா. கேள்வியை முடிப்பதற்குள்.

நோட்டில் தொடர்ந்து பதினேழாவது இரண்டு.

ஜூன் 1

சுகாதார நிலையத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். திரும்ப வேலைக்கு வரமுடியுமா என்று பார்த்துவிடலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். மைக்ராஸ்கோப்பின் உறையை அவளே எடுத்தாள். ஸ்லைடை வைத்து, குமிழைத் திருகி, கண்ணை வைத்தாள். விரலெல்லாம் பழைய வேகத்தில் வேலை செய்தன. கண்ணை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஒருத்தி, "என்னக்கா, தெரியுதுங்களா?" என்றாள்.

"இல்ல புள்ள" என்றாள். "இதுல தெரியாததத் தெரியுதுன்னு சொன்னா ஒரு உசுரு போயிரும்."

உறையை மறுபடி மாட்டினாள். விண்மீன் புள்ளி வெளிச்சம், கிருமி அப்படியில்லை, அது வர இன்னும் நாளாகும் என்று வழியெல்லாம் அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 8

சாயங்காலம் சாரல். தொலைநோக்கியை வெளியே வைத்த பிறகு தூறியதால் மூடியைப் போட்டிருந்தேன். எட்டு மணிக்கு வானம் தெளிந்தது. குறிபார்ப்பதற்காகக் குழாயின் மேல் தனியாக மாட்டியிருக்கும் குட்டித் தொலைநோக்கியில் பார்த்து வசிட்டரைக் குறிவைத்தேன். கலா உட்கார்ந்தாள்.

"ரெண்டுங்க. சின்னது எடது பக்கம். கொஞ்சம் நீலமாட்ட இருக்குது."

எழுதினேன். அவளை உள்ளே அனுப்பிவிட்டு நான் ஒருமுறை பார்க்கலாம் என்று கண்ணை வைத்தேன். கரி இருட்டு. ஐபீஸைத் துடைத்தேன். இருட்டு. குழாயின் முன்பக்கம் தடவிப்பார்த்தேன். மூடி கழற்றப்படவே இல்லை.

உள்ளிருந்து, "தோசை ஊத்தட்டுங்களா?" என்று குரல் கொடுத்தாள். ஊத்து என்றேன்.

நோட்டில் எழுதியதை அடிக்கவில்லை.

ஜூன் 9

ஒருமுறை அளந்ததை நான் நம்புவதில்லை. இன்று வேண்டுமென்றே மூடியைக் கழற்றாமல் வைத்தேன்.

"ரெண்டுங்க" என்றாள்.

ஜூன் 10

ஆபீஸ் போகவில்லை. பிப்ரவரியிலிருந்து உள்ள நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஏப்ரல் நாலுக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்னதெல்லாம் நான் அவளுக்கு முன்பு சொன்னவை. ஒரு விவரம்கூட அவளுடையது இல்லை. கண் வரவில்லை. ஒரு துளியும் வரவில்லை. டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது, நாற்பது நாளில் வந்துவிடாதா? வராது. எனக்குத் தெரியும்.

ஜூன் 12

இன்று கேட்டேன். சாயங்காலம் விளக்குப் போட்டுவிட்டு, அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் உட்கார்ந்து சொன்னேன்.

"கலா, அந்த ரெண்டு நாளும் மூடி போட்டேதான் இருந்துச்சு."

கை நின்றது. தண்ணீரை வடித்தாள். மறுபடி ஊற்றினாள்.

"எனக்கு மூடி போட்டாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணுதானுங்க."

"அப்பறம் எதுக்கு இப்படிப் பொய் சொன்னே? ரெண்டு மாசமா? ஊரெல்லாம் சொல்லிவெச்சிருக்கேனே!"

"நல்லாயிட்டுதுன்னு நெனச்சா உங்களுக்குப் பயம் விட்டுப்போயிரும். பயம் விட்டுதுன்னா நீங்களாச் சொல்லீருவீங்கன்னு பாத்தேன். எனக்காச்சும், இல்ல அண்ணங்கிட்டயாச்சும்."

"என்னத்தை?" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த கேவலங்களை வரிசைப்படுத்தினால், ஜனவரியில் செய்ததுகூட இரண்டாவதுதான். முதலாவது இந்த "என்னத்தை".

"பாருங்க, இன்னமும் கேக்கறீங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அன்னிக்கு என்ற கை மடியிலதானுங்க இருந்துது."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

அவளைக் கூப்பிட உள்ளே போய்வந்த நேரத்தில் வெள்ளி நழுவிவிட்டது. அவள் உட்கார்ந்து ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவளை எழுப்பிவிட்டு, குழாயை நிழலுக்குத் திருப்பி, முதலிலிருந்து தேடியிருக்க வேண்டும். பகலில் ஆள் கண் வைத்திருக்கும்போது குழாயை நகர்த்தவே கூடாது. தொலைநோக்கி வைத்திருக்கிறவன் முதலில் படிக்கிற பாடம் அது. எனக்கு ரோஷம். இத்தனை வருடம் கழித்து ஒருநாள் பார்க்க வந்திருக்கிறாள், அவள் எழுந்து போய்விட்டால் மறுபடி வரமாட்டாள். "கண்ணை எடுக்காம நல்லாப் பாரு, நான் மெல்ல நகர்த்தறேன், தெரிஞ்சதும் சொல்லு" என்றேன். குழாயைப் பிடித்திருந்தது என் கை. நகர்த்தினேன். "வெளிச்சம் வருதுங்க" என்றாள். "அதுதான் வெள்ளி, பாத்துட்டே இரு" என்றேன். இன்னும் நகர்த்தினேன்.

சொல்லி முடித்தபோது நான் தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். அவள் காலைப் பிடிக்கப் பார்த்தேன். காலை நகர்த்திக்கொண்டாள்.

"சொல்லீட்டேனே கலா. எல்லாஞ் சொல்லீட்டேனே."

"நாங் கேட்டதுக்கப்பறம் சொல்றீங்க" என்றாள். அரிசியை அடுப்பில் வைத்தாள். அதற்கப்புறம்தான் அவளும் அழுதாள். ஐந்து மாதத்தில் அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன். பக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஜூன் 13

அவள் முருகசாமிக்குப் போன் செய்தாள். எண்களைத் தடவித் தடவி அவளே அழுத்தினாள். வாங்க என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 15

காலை பத்து மணிக்கு முருகசாமி வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். இந்த ஒருமுறையாவது யாரும் கேட்பதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று இரண்டு ராத்திரியாக ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை. "நான்தான் மச்சான் நகர்த்தினேன். வெளிச்சம் வருதுன்னு சொன்னா. பாத்துட்டே இருன்னு நான்தான் சொன்னேன்." அவ்வளவுதான் வந்தது.

அவர் வாசலிலேயே நின்றார்.

"நா அவளை வையறப்போ நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"ஆமாங்க மச்சான்."

"விடுங்க, அவளைச் சொல்லி என்ன பண்றதுன்னீங்க."

"ஆமாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. என்னைத் தாண்டி உள்ளே போய், தங்கச்சி முன்னால் கைகட்டி நின்று, "நானும் உன்னை அப்படிப் பேசிப்போட்டேனே சாமி" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள்தான் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள்.

பையில் நாலு புடவை, கண் சொட்டுமருந்து, ஆஸ்பத்திரிச் சீட்டு. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "ஜூலைல டாக்டர்கிட்ட அண்ணன் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மறுபடி கேட்கவில்லை. கேஸ் அடுப்பைச் சரியாக மூடச்சொன்னாள், மாவு இரண்டு நாள்தான் தாங்கும் என்றாள்.

வேண்டாம் என்று அவர்கள் சொல்லாததால் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பையை முருகசாமி வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் வரிசையாக நின்றோம். நடுவில் கலா, அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழம்கூட இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பஸ் ஒன்று வந்து வளைந்து நின்றது. முன்னால் எழுதியிருந்த ஊர்ப்பெயர் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"எந்த ஊருன்னு போட்டிருக்குதுங்கண்ணா?"